சிங்கத்தின் வாயைப் பிடித்தவள்

பஸ் ஓட்டும் அக்காவுக்கு வீட்டில் டிரைவர் என்றுதான் பெயர். அன்று வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல், செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே டாரட் கார்டு பார்த்துப் பலன் சொல்பவளின் அறைக்கு ஏறினாள். அவளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது.

தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புருஷன் விட்ட குத்தில் தாடை உடைந்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில்தான் பேசினாள். "போன மாசமே பெட்டி கட்டிட்டேன்க்கா. கார்டு பாத்தேன். பொறுத்துப் போன்னு வந்துச்சு."

பலன் சொல்பவள் மரியாதையாக உட்காரச் சொன்னாள். டிரைவர் உட்காரவில்லை.

"என் தங்கச்சிக்கு வந்த கார்டை எடுங்க. பொண்ணும் சிங்கமும் இருக்கிறது."

எடுத்து வைத்தாள். ஒரு பெண் குனிந்து, வெறுங்கையால் சிங்கத்தின் வாயைப் பிடித்திருந்தாள். நாய்க்குட்டியைக் கொஞ்சுகிற மாதிரி முகம்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"பலம். முரட்டுத்தனத்தை அன்பால அடக்குறது. பொறுத்துப் போனா சிங்கமும் பூனையாகும்னு சொன்னேன்."

"பூனையாகல. என் தங்கச்சி வாயைத்தான் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க."

பலன் சொல்பவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுக்கு வேற அர்த்தமே கிடையாதா?"

"இருக்கு," என்றாள், குரல் இறங்கி. "உன் பலம் உனக்கே தெரியல, பயப்படாம எழுந்து நில்லுன்னும் சொல்லலாம்."

"அதை ஏன் சொல்லல?"

"அவ வர்றதுக்கு முந்தின நாளே உங்கம்மா வந்தாங்க. எந்தக் கார்டு வந்தாலும் புருஷனோட இருன்னு சொல்லி அனுப்புங்கன்னாங்க. குடும்பம் பிரியாம இருந்தா நல்லதுதானேன்னு நானும்..."

கார்டைக் கிழித்து அவள் முகத்தில் எறியத்தான் டிரைவர் வந்திருந்தாள். இப்போது அந்த அட்டையைக் கிழித்து யாருக்கு என்ன லாபம்? "இனிமே அடி வாங்கிட்டு எவளாவது வந்தா ரெண்டு அர்த்தத்தையும் சொல்லுங்க," என்று இறங்கிவிட்டாள்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டுக்காரிகிட்ட போய் என்னம்மா சொன்ன?"

அம்மாவின் கை நின்றது. "அவ என் பேச்சை எங்க கேக்கறா? கார்டு சொன்னா கேப்பா. ஒரு வீடு உடையக் கூடாதேன்னுதான் சொல்லச் சொன்னேன்."

"வீடு உடையல. தாடை உடைஞ்சுது."

"நான் உங்கப்பாவோட இருக்கலையா? எனக்கு மட்டும் என்ன குறைஞ்சு போச்சு?"

பக்கத்து அறையில் டிவியின் சத்தம் குறைந்தது. அம்மாவின் குரலும் தானாக அடங்கியது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இப்படித்தான். "அதையே அவளுக்கும் சீதனமா குடுத்துட்ட," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

ஆஸ்பத்திரியில், கட்டில் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று டிரைவர் நினைத்தாள். அழவில்லை. கழுத்து நரம்புதான் புடைத்தது.

"போலீஸ்ல மாடிப்படில விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன்க்கா. திரும்பக் கூப்பிடு."

முதலில் விசாரித்துவிட்டுப் போன பெண் போலீஸ் திரும்ப வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிய பல்லுக்குள்ளிருந்து சொற்கள் நசுங்கி நசுங்கி வந்தன. புரியவில்லை என்றபோதெல்லாம் தங்கை திரும்பச் சொன்னாள், சலிக்காமல், அவன் முதன்முதலில் கன்னத்தில் அறைந்ததிலிருந்து. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மறுநாள் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அம்மா கஞ்சியோடு வந்து வாசலில் நின்றாள். டிரைவர் தங்கையைப் பார்த்தாள்.

"கஞ்சியை வாங்கிக்க. அம்மா வெளியவே இருக்கட்டும்," என்றாள் தங்கை.