கூட்ஸும் எக்ஸ்பிரஸும்

சித்தி பியானோ மூடியின்மேல் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது, டிக்கென்று ஒரு வெட்டு, மறுபடி திருப்பிப் பார்ப்பது. செத்துப்போன அக்காவை இரங்கல் மண்டபத்துக் குளிர் அறையில் விட்டுவிட்டு வந்து ஒரு ராத்திரிதான் ஆகிறது.

பிளாஸ்கில் டீ கொண்டுவந்த எதிர்வீட்டம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். சாவு விழுந்த வீட்டில் உட்கார்ந்து நகம் வெட்டுகிறாளே என்று அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை. அதைத் தெருமுனை வரை கொண்டுபோக வேண்டியிருந்ததால் வீணாக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"டீ ஆறிடப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவின் மகள் நாற்காலியில் ஒரு கால் ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு ஷூ எங்கேயோ கட்டிலுக்கு அடியில் கிடக்கும். குனிந்து தேடத் தெம்பில்லை. அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து ஒரு நாள் முழுசாகத் தூங்கியதில்லை. இப்போது தூங்கலாம், யாரும் கூப்பிடப்போவதில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் கூப்பிட்ட மாதிரியே இருந்தது.

சித்தி நகம் வெட்டுவதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். நகம் நீண்டால் பியானோக் கட்டையில் தட்டும். ஆகவே சித்தி இன்றைக்கு வாசிக்கப்போகிறாள். அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் எந்த வேகத்தில் என்பதில்தான்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அந்த வீட்டில் ஒரு பியானோ, இரண்டு சகோதரிகள். அக்கா நடனப் பள்ளியில் ஆடுகிறவர்களுக்கு வாசிப்பவள். தங்கை இசைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், புத்தகம் படித்தவள், கல்யாணம் வேண்டாமென்றவள். இருவருக்கும் பிடித்தது ஒரே உருப்படி. பல தலைமுறைக்கு முன்னால் செத்துப்போன ஒரு ஜெர்மன்காரர் எழுதியது, ஏதோ பழைய நடனத்துக்காக. பரோக் காலம் என்பார்கள். சங்கீதம் தெரியாத தெருவுக்குக்கூட அது மனப்பாடம். வாசலில் நின்று கேட்டாலே கட்டைமேல் யார் கை இருக்கிறதென்று தபால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும். சாவகாசமாக, ஒவ்வொரு பெட்டியாக எண்ணிவிடலாம் போல வந்தால் அக்கா. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டால் தங்கை. தெரு முன்னவளுக்குக் கூட்ஸ் என்றும் பின்னவளுக்கு எக்ஸ்பிரஸ் என்றும் பெயர் வைத்தது. மகளுக்கு அப்பா என்று ஒருவர் இருந்தார், எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டார். கூட்ஸ் தாங்காமல் போனாரா, எக்ஸ்பிரஸ் தாங்காமல் போனாரா என்பதில் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

சண்டைக்கு மூலகாரணம் அந்த ஜெர்மன்காரர்தான். காகிதத்தின் தலையில் எவ்வளவு வேகம் என்று ஒரு வார்த்தை எழுதிவைக்கவில்லை அந்த மனுஷன்.

"அந்தக் காலத்துல பியானோ ஏதுக்கா? நரம்பை இறகால சுண்டுற பெட்டி. சுண்டின உடனே சத்தம் செத்துடும். இழுத்து இழுத்து வாசிச்சா நடுவுல ஓட்டைதான் விழும்" என்பாள் தங்கை.

"இது பியானோடி. இதுல சத்தம் நிக்குது. நிக்கிறதை ஏன் பிடிச்சுத் தள்ளுற?"

"அவன் எழுதினது பெட்டிக்கு."

"அவன் எழுதினது ஆடுறவளுக்கு. தூக்கின காலை அவ கீழ வைக்கவேணாமா? உன் வேகத்துக்கு ஆடினா கணுக்கால் சுளுக்கிக்கும்."

காலால் மிதித்தால் சத்தம் நீள்கிற பெடலில் வந்து நிற்கும் அடுத்த சண்டை. பெட்டிக்குப் பெடல் கிடையாது என்பதால் தங்கை வாசிக்கும்போது இரண்டு காலையும் ஸ்டூலுக்கு அடியில் பின்னிக்கொண்டுவிடுவாள், ஆசை காட்டினால் கெட்டுப்போகிற பிள்ளைகளை அடக்கிவைப்பது மாதிரி. அக்கா பெடலை மிதித்துக்கொண்டேதான் உட்காருவாள். தங்கை ஸ்வரத்துக்கு ஸ்வரம் போடுகிற குட்டிக் குட்டி அலங்காரங்களுக்கு அக்கா வைத்த பெயர் விக்கல். "தண்ணி குடிச்சிட்டு வாசிடி."

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் கண்முன் ஒவ்வொரு வில்லையாக மாட்டி, "முதல்லது தெளிவா இருக்கா, ரெண்டாவது தெளிவா இருக்கா?" என்று நாளெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர்கள் இரண்டு பேரும் அவளை உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்பார்கள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள் அவள். கடையில் அவளுக்கு எரிச்சல் மூட்டுகிற பதில் அதுதான்.

உருப்படிக்கு இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியையும் திரும்ப ஒருமுறை வாசிக்க வேண்டும். தங்கை முதல் பாதியை முடித்துக் கையை எடுக்கிற அந்த ஒரு மூச்சு நேரத்தில், அக்கா அடுப்படியிலோ குளியலறையிலோ எங்கே இருந்தாலும் குரல் வந்துவிடும்.

"எங்கடி ஓடுற? ரயிலைப் பிடிக்கவா?"

"உன் வேலையைப் பாரு."

அப்புறம்தான் திரும்ப ஆரம்பிப்பாள். அதுவும் உருப்படியில் எழுதியிருக்கிறது என்றே மகள் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சித்தி செய்தித்தாளை நகத்தோடு மடித்தாள். மகள் கேட்டுவிட்டாள்.

"சித்தி, இன்னைக்கு ஒரு நாள் அம்மா மாதிரி வாசிச்சிடேன்."

"மாட்டேன்."

"அம்மாவோட கடைசி ஆசை சித்தி."

"வாசிக்கச் சொன்னா. வேகம் சொன்னாளா?"

சொல்லவில்லைதான். தொண்டை அடைத்துப்போயிருந்த அந்தக் கடைசி நாட்களில், அந்த உருப்படியைச் சித்தி வாசிக்க வேண்டும் என்று மட்டும் அம்மா சொன்னாள். ஜெர்மன்காரர் மாதிரியே, மேலே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டாள்.

"எல்லாரும் வருவாங்க. டான்ஸ் ஸ்கூல்லேர்ந்து வருவாங்க. அம்மா பெட்டி பக்கத்துல இருக்கும்போது நீ தடதடன்னு வாசிச்சா என்ன நினைப்பாங்க? அக்கா செத்தும் சண்டையை விடலைன்னு சொல்லமாட்டாங்களா?"

"சொல்லட்டும்."

"ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தா என்ன குறைஞ்சுபோயிடும் உனக்கு?"

சித்தி எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, இன்னொரு ஷூவை எடுத்துவந்து மகளின் காலருகே வைத்தாள்.

டாக்ஸி பாதி வழியில் நெரிசலில் நின்றுவிட்டது. முன்னால் சிமென்ட் லாரி ஒன்று. ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்தார், பிறகு என்ன காரியத்துக்குப் போகிறோம் என்று ஞாபகம் வந்தவர்போல் கையை எடுத்துக்கொண்டார். மகள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். சித்தி லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு தடவை விட்டுக்கொடுத்தேன்."

"எப்ப?"

"போன வாரம். டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னாரே, அதுக்கு மறுநாள். நீ கடைக்குப் போயிருந்தே. ஏதாவது வாசிடின்னா. அவ மாதிரியே வாசிச்சேன். பெடல் போட்டு, ஒரு விக்கல்கூட இல்லாம. ஆசையாத்தான் வாசிச்சேன்டி, அவளுக்கு நல்லா இருக்கட்டும்னு."

ஓட்டுநர் கண்ணாடியை லேசாகச் சரிசெய்துகொண்டார். பின்சீட்டுக் கதை யாருக்குத்தான் கசக்கும்?

"பாதி முடியறதுக்குள்ள கூப்பிட்டா. 'ஏன்டி, டாக்டர் என்ன சொன்னார்?'னு கேட்டா."

மகள் ஜன்னலிலிருந்து தலையை எடுத்தாள்.

"நீ சொல்லிவெச்ச அதே பொய்யைத்தான் சொன்னேன். ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்காம்க்கான்னு. என்னையே பார்த்தா. 'ரத்தம் கம்மிக்கெல்லாம் நீ பெடல் போடமாட்டியே'ன்னா."

லாரி நகர்ந்தது. டாக்ஸி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் மூடியை மூடிட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலம் மகள் கடையிலிருந்து வந்ததும் அம்மா அலமாரியைத் திறக்கச் சொல்லி, எந்தத் துணியை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். வீட்டு விஷயத்தில் அக்கறை வந்துவிட்டது, தேறிவிடுவாள் போலிருக்கிறது என்று மகள் மறுநாள் கடையில் போய்ச் சொன்னாள். முகத்தில் ஒரு சுருக்கம் தெரியாமல் அத்தனை நாள் பொய் சொன்னோமே என்று தனக்குள் ஒரு பெருமைகூட அவளுக்கு இருந்தது. சித்தியிடம் கோபப்படலாம். ஆனால் கோபத்துக்கும் நிமிர்ந்து உட்கார வேண்டுமே. அவள் தலையை மறுபடி ஜன்னலில் சாய்த்துக்கொண்டாள்.

மண்டபத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வரவேற்றார். துக்கத்தில் குரலைத் தாழ்த்திப் பேசிப் பேசி, அவருக்குச் சாதாரணக் குரலே மறந்துபோயிருக்க வேண்டும்.

"நீங்க கொஞ்சம் லேட். அடுத்த காரியத்துக்காரங்க இப்ப வந்துடுவாங்க. பேச்சு ஒண்ணு, இசை ஒண்ணு, அதோட முடிச்சுக்கலாம். இசை எவ்வளவு நேரம்மா?"

"யார் வாசிக்கிறாங்கங்கிறதைப் பொறுத்து" என்றாள் சித்தி.

"கொஞ்சம் சுருக்கமாவே இருக்கட்டும்மா."

முன்வரிசையில் நடனப் பள்ளிக்காரர்கள், நிமிர்ந்த முதுகுகளோடு. மறுபக்கம் கல்லூரி ஆசிரியர்கள். கடைசி இரண்டு வரிசைகளில் தெரு. தெரு இப்படித் திரண்டு வந்ததற்கு அக்காவின் மேலுள்ள பாசமும் ஒரு காரணம்தான். எந்த வண்டி வரப்போகிறதென்று பார்ப்பது இன்னொரு காரணம். "செத்தவளுக்காக மெதுவாத்தான் வாசிப்பா, பாரேன்" என்றார் தபால்காரர். "நீங்க அவளைப் பார்த்ததில்ல. காலைல நகம் வெட்டிட்டு உக்காந்திருந்தா" என்றாள் எதிர்வீட்டம்மா. ஆக, அது தெருமுனை வரை போய் மண்டபத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நடனப் பள்ளித் தலைவி பேசினார். பிறகு சித்தி எழுந்துபோய், மண்டபத்துப் பியானோமேல் வைத்திருந்த பிளாஸ்டிக் பூந்தொட்டியை எடுத்துத் தரையில் வைத்தாள். உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஸ்டூலுக்கு அடியில் பின்னிக்கொண்டாள்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது.

என்றைக்கும் இல்லாத வேகம். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, காய்ந்து, கொட்டிவிட்ட மணிகள் தரையில் ஓடுவதுபோல. இருக்கிற விக்கலெல்லாம் போதாதென்று புதிதாகவும் நாலைந்து. நடனப் பள்ளி முதுகுகள் விறைத்தன. ஒரு கல்லூரி ஆசிரியர் தன் காலணியைக் குனிந்து பார்த்தார். பின்வரிசையில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். மகளுக்கு முகம் சுட்டது. இந்தப் பெண்பிள்ளைக்கு இன்றைக்குமா என்று நினைத்தாள்.

முதல் பாதி முடிந்தது. சித்தி கையை எடுத்தாள்.

திரும்ப ஆரம்பிக்கவில்லை.

கைகள் கட்டைக்குமேல் அப்படியே நின்றன. தலை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடப்பக்கம் அக்காவின் பெட்டி இருந்தது. மறந்துவிட்டாளா, அழப்போகிறாளா என்று மண்டபம் பார்த்தது. மகளுக்கு மட்டும் அந்தச் சாய்வு தெரியும். வீட்டில் அடுப்படிக் கதவு இடப்பக்கம்தான்.

யாராவது சொல்ல வேண்டும். தான்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவின் அந்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. வாய் திறந்தது. யாரோ இருமினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சுவரோரம் நின்றிருந்த கோட்டுக்காரருக்கு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். சுருக்கச் சொன்னோமே, அதனால்தான் அந்தம்மா பாவம் அடித்துப்பிடித்துக்கொண்டு வாசித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டாள் என்று நினைத்திருப்பார். நுனிக்காலில் நடந்துவந்து சித்தியின் இடப்பக்கம் குனிந்தார். தாழ்ந்த குரல்தான், ஆனால் மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

"அவசரமே இல்லம்மா. அடுத்தவங்க வண்டி இன்னும் வரல. எதுக்கு ஓடுறீங்க? மெதுவாவே வாசிங்க."

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. தபால்காரருக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது, அதைத் தும்மலாக மாற்றினார்.

சித்தி அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவளுடைய கீழுதடு ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது.

"உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

அவர் சுவருக்கே போய்விட்டார். சித்தி பியானோ பக்கம் திரும்பிக் கைகளை இறக்கினாள். மகள் கைகளைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலுக்கு அடியில் பின்னிக்கிடந்த கால்கள் பிரிந்தன. வலது கால் முன்னால் வந்தது. பெடலுக்குப் பக்கத்தில், தரையில், மிதிக்காமல் நின்றது.