கயிறு கட்டாத சாறு

"அம்மா, எல்லாரோட கறிக்கும் ஒரு கயிறு இருக்கு. இந்தச் சாறுக்குக் கயிறே இல்லையே, இது யாருக்கு?"

என் மகள் டோர்க்கஸ் ஐந்து வயதில் கேட்டது. பதில் சொல்ல எனக்கு ஏது நேரம்? யார்க்‌ஷயர் மேட்டில் ரயில் பாதைக்காக மலையை வெட்டிய கூலிக்காரர்கள் பத்துப் பேர் என் குடிசையில் தங்கியிருந்தார்கள். காலையில் ஆளுக்கொன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவன் பன்றிக்கறி, ஒருவன் திருடிய முயல், ஒருவன் வெறும் முட்டைக்கோசு. எல்லாவற்றையும் துணியில் முடிந்து, கயிறு கட்டி, ஒரே செப்புப் பானையில் தொங்கவிடுவேன். கயிற்றின் மறுமுனையில் ஒரு குச்சி. அதில் அவனவன் கீறிய அடையாளம். இருந்தும் தினமும் சண்டைதான்.

"அக்கா, என் கறி சுருங்கிப்போச்சு!" என்பான் செம்பட்டைத் தலைச் சிவப்பன்.

"உன் வாய் பெருசாயிடுச்சு, சிவப்பா."

மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் வாசலேறிச் சேறாகும். ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டது. மலையையே பெயர்ப்பார்கள், என் வாசலுக்கு வந்தால் முதுகு வலிக்கும்.

இதற்கு நடுவே அந்தப் பத்துப் பேரில் ஒருவனான பிஷப்பின் கால் முறிந்தது. கெட்ட வார்த்தை பேசாததால் அவனுக்கு அந்தப் பெயர்; சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. மேட்டின் அடியைக் குடைந்துவிட்டால் மேல்மண் தானே சரியும், வேலை சீக்கிரம் முடியும். அன்று அவன் விலகுவதற்குள் மண் சரிந்துவிட்டது. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. கூலி இல்லை என்றால் பானையில் கயிறும் இல்லை.

"நான் ஏழைங்க விடுதிக்குப் போயிடறேன்க்கா," என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"போனவன் எவன் திரும்பி வந்தான்? பேசாம படு. எரிச்சலக் கிளப்பாத."

அன்று டோர்க்கஸின் கேள்வி நினைவுக்கு வந்தது. கிண்ணம் நிறையச் சாறு ஊற்றி அவனிடம் நீட்டினேன். கர்த்தரே, அதற்கும் ஒரு கூச்சல்!

"எங்க கறியோட சத்தெல்லாம் அதுலதான் இருக்கு," என்றான் சிவப்பன். "அத அவன் குடிச்சா எப்படி?"

"சரி, நாளைலேந்து நீ பச்சையாவே தின்னு. சத்து எங்கயும் போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் முறைத்துக்கொண்டே போய்ப் படுத்தான்.

மறுநாள் பானையில் ஒரு கயிறு அதிகமாக இருந்தது. குச்சியில் அடையாளம் எதுவுமில்லை. இழுத்தால் உருளைக்கிழங்கும் ஒரு துண்டுப் பன்றிக்கறியும்.

"இது எவனோடது?"

சிவப்பன் கூரையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். அவன் தட்டில் அன்று கறி பாதிதான். அடையாளமில்லாத கயிற்றில் வந்ததைப் பிஷப்புக்கு வைத்தேன். அதன்பின் அந்தக் கயிறு ஒருநாளும் வெறுமையாக இல்லை. ஒருநாள் முயல், ஒருநாள் கோசு. கொண்டுவந்தவர்கள் முன்போலவே என்னைத் திட்டினார்கள். நானும் விடவில்லை.

இலையுதிர்காலத்தில் பிஷப் தடியூன்றி எழுந்தான். ஒரு காலை விழித்தபோது அவன் படுக்கை மடித்து வைத்திருந்தது. போகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. 'இத்தனை நாள் சோறு போட்டதுக்கு இதுதான் மரியாதையா!' என்று முணுமுணுத்துக்கொண்டே, சேற்றைத் தள்ளத் துடைப்பத்தோடு கதவைத் திறந்தேன்.

வாசல் உலர்ந்திருந்தது.

குடிசையைச் சுற்றி, நூல் பிடித்தாற்போல் ஒரு வாய்க்கால். மேட்டுத் தண்ணீர் அதில் இறங்கி அமைதியாகப் பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் நெடுகக் குழிகுழியாக முழங்கால் தடங்கள். நின்று வெட்ட அவன் கால் இன்னும் இடம் கொடுக்கவில்லை போலும்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பானைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.