மரியம் என்கிற கமாரியா

என் மகள் தர்மினி லண்டனிலிருந்து அனுப்பிய நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். எழுதியவள் ஹெலன், எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மகள். என் அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணி. தோட்டத்தை ஒட்டிய மலாய்க்காரர் கிராமத்தில், கம்பம் என்போம், கமாரியா இருந்தாள். மூவருக்கும் ஒரே வயது. ஹெலன் விடுமுறைக்கு வந்தால் போதும், போர்டிக்சன் சாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். முன்னால் போவது எப்போதும் கமாரியாதான். சாரோங்கை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறிவிடுவாள். நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து மேலேயிருந்து சிரிப்பாள். அதை இன்று நினைத்தாலும் மனசு லேசாகிவிடுகிறது. அந்த நாட்களுக்காக ஏங்குகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

நாவலில் அவளுக்கு மரியம் என்று பெயர். சைக்கிளும் இல்லை, சிரிப்பும் இல்லை. புருஷன் பூட்டிவைத்த வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். காலமெல்லாம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த எனக்கு இந்தப் பெண் புதியவளில்லை. வெள்ளைக்காரர்கள் எழுதிய பழைய கதைகளில் முஸ்லிம் பெண்ணுக்கு மெல்லிய திரையும் சதங்கையும் கிடைக்கும். புதியவற்றில் கண்ணீரும் தழும்பும். எதுவானாலும், யாராவது வந்து காப்பாற்றும்வரை அவள் காத்திருந்தாக வேண்டும். எத்தனையோ மரியம்களைப் பேசாமல் புரட்டிக் கடந்திருக்கிறேன். இவள் என் கமாரியா, அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஹெலன் கதை எழுதுகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கமாரியா இந்தப் புத்தகத்துக்காகக் காத்திருந்தாள். நம்மைப் பற்றி எழுதாமலா இருப்பாள் என்பாள். தோட்டத் தொழிலாளர் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததில் அவளுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம்தான் ஓடாது. நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொன்னால், இத்தனை காலம் அவள் பொத்திவைத்திருந்த சிநேகிதம் உடைந்துபோகும். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்ற முடிவோடு ராசாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரை எடுத்தேன்.

செண்டாயான் பக்கம் தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்போது வரிசை வீடுகள். கமாரியாவின் பலகை வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. இங்குள்ள மலாய்க்காரர் வழக்கப்படி அந்த நிலம் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. கட்டிக்கொண்டவன்தான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். சேவல் வளர்க்கக்கூட அவள் புருஷன் யூசோப் அவளிடம் சம்மதம் கேட்டு நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவரா பூட்டிவைத்தார்?

புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சைக்கிள், கடல், மங்குஸ்தீன் பழம் என்று சொந்தச் சரக்கைச் சேர்த்துக் கதையை ஓட்டினேன். அவளிடம் நடக்கவில்லை.

“ஏன் பக்கத்த தள்ளித் தள்ளிப் பொரட்டுற? உள்ளத சொல்லு லா.”

சொன்னேன். யூசோப் அவளைப் பூட்டிவைத்த இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். மனுஷன் இதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்டிருந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருப்பார் என்றாள். நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் மரியம் என்ன ஆகிறாள் என்று கேட்டாள். இனி மறைத்துப் பயனில்லை. துரை குடும்பம் ஒரேயடியாக இங்கிலாந்துக்குப் புறப்படும் காலையில் கார் கம்பத்தைத் தாண்டுகிறது. மரியம் ஜன்னலில் நின்று அழுகிறாள். என்னையும் இந்தச் சிறையிலிருந்து கூட்டிப்போ என்று அந்தக் கண்கள் கெஞ்சுவதாக ஹெலன் எழுதியிருக்கிறாள்.

கமாரியா சிரிக்கவில்லை. புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நான் அழுதது நெசந்தான் கோமளா. அவ போறாளேன்னு அழுதேன். அதுகூடவா அவளுக்குத் தெரியல?”