கடைசி ரகம்

புதிய விஷயங்களை ஜனங்கள் ஏன் சட்டென்று ஏற்றுக்கொள்வதில்லை என்று ஆராய்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர் டாக்டர் டிஹோமிர். அவர் கையில் இருப்பதோ பொத்தான் வைத்த பழைய போன். புதுப் போனைப் பற்றிக் கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பாக்கலாம்" என்பார். நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். செர்பியாவின் மேற்கு மலைச்சரிவுகளில் ராஸ்பெரி போடுகிற விவசாயிகளின் வீடு வீடாக ஏறி, ஆலங்கட்டி மழைக்கு வலை கட்டினீர்களா, கட்டவில்லையென்றால் ஏன் கட்டவில்லை என்று கேட்டுக்கொண்டு வருவதுதான் என் பிழைப்பு.

அவர் கணக்கில் மனிதர்கள் நாலு ரகம். கேட்ட மறுநாளே செய்கிறவன் முதல் ரகம். பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் செய்கிறவன் அடுத்தது. ஊரே செய்து முடித்த பிறகு செய்கிறவன் மூன்றாவது. கடைசி ரகம் எங்கள் உயிரை வாங்கும். என்ன சொன்னாலும் மோவாயைத் தடவிக்கொண்டு நிற்கும்.

இப்படி ஊரையெல்லாம் தரம் பிரித்த மனிதரை அவர் மனைவி லியூபிங்கா ஒரு விஷயத்துக்காக மூன்று வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அது பொதுவான ஆசையாக இருந்தது ஆரம்பத்தில்தான். பிறகு அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது, இஸ்க்ரா. பத்து வயது. இரண்டு தெரு தள்ளி, அரசாங்கம் அனுப்பும் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்கும் ஸ்டமேனாவிடம் இருந்தாள். லியூபிங்காவின் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த பெண், இருமல் நின்ற பிறகும் வந்துகொண்டே இருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை உரக்கப் படிப்பாள். "மயக்கம், வாந்தி, அபூர்வமாக மரணம்" என்று அவள் வாசிக்கக் கேட்டு மருந்தே வேண்டாமென்று போனவர்கள் உண்டு.

தத்து அலுவலகம் புருஷன் பெண்டாட்டி இருவரையும் சோதித்துத் தகுதியானவர்கள் என்று சொல்லியாகிவிட்டது. டிஹோமிர் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்புறம் இஸ்க்ராவும் சம்மதிக்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளையை அதைக் கேட்காமல் கொடுக்க முடியாது. மனிதர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். வளர்ந்த பிள்ளைகளைத் தத்தெடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த நாட்டில் யார் எழுதியிருந்தாலும் அது எங்கள் அலுவலகப் பிரிண்டரில் வெளியே வந்தது. மை தீர்ந்து, என் ராஸ்பெரி அறிக்கை பாதியில் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் பிரிண்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன்.

நவம்பர் தொடக்கத்தில் லியூபிங்கா என்னைக் கடைக்குக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"விடா, பெல்கிரேடுலேருந்து வேற ஒரு குடும்பம் அவளப் பாக்க வரப்போகுதாம். இனிமே காத்திருக்க மாட்டோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எங்க வீட்டு ஆளு மாதிரி ஒரு விவசாயி இருந்தா நீங்கல்லாம் என்னடி பண்ணுவீங்க?"

"பேச்ச நிறுத்திடுவோம். ஒரே ஒரு வரிசைக்கு வலை கட்டிப் பாரு, பிடிக்கலன்னா அவுத்துடுன்னு சொல்லுவோம்."

"அவுத்துடுறதுக்கு அவ என்ன வலையா? ஏற்கெனவே ரெண்டு குடும்பம் வந்து பாத்துட்டு, யோசிச்சு சொல்றோம்னு போச்சு. இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காங்க. அவள மறுபடியும் சாம்பிள் காட்ட நான் விடமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நியாயம்தான்.

"யாரும் அவளக் காட்ட வேணாம். உங்க வீட்டு ஸ்லாவா வருதுல்ல? ஸ்டமேனா வரக்கூடாதுன்னு சட்டமா?"

லியூபிங்கா என்னையே பார்த்தாள். பிறகு கல்லாமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

ஸ்லாவா என்றால் குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு வருடத்தில் ஒரு நாள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது. அதற்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்களை ஏன் வந்தாய் என்று கேட்பதுமில்லை. வீட்டுத் தலைவர் அன்று உட்காரக் கூடாது. விருந்தாளி ஒருவர் மிச்சம் இருக்கும்வரை நின்றபடியே பரிமாறிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆக, டிஹோமிர் நின்றுகொண்டிருந்தார். ஸ்டமேனாவும் இஸ்க்ராவும் உள்ளே நுழைந்தபோது அவர் கையில் பிளம் சாராயத் தட்டு. முகம் தட்டைவிட வெளுத்தது. இஸ்க்ரா மரியாதையாகச் சிலுவை போட்டு, கோதுமை இனிப்பில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, மேஜையின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க குறட்ட விடுவீங்களா?"

தட்டில் கிளாசுகள் கிணுகிணுத்தன. "தூங்கறப்போ எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"விடுவாரு," என்று சமையலறையிலிருந்து லியூபிங்காவின் குரல் வந்தது. "கதவ மூடிக்கிட்டா கேக்காது."

இஸ்க்ரா தலையாட்டி அதை மனதில் வாங்கிக்கொண்டாள். வறுத்த பன்றியை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டாள். "கணக்குல தப்புப் பண்ணா கத்துவீங்களா? நாய் பிடிக்குமா? முட்டைக்கோஸ் கட்டாயம் சாப்பிடணுமா?"

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. எங்கள் கேள்வித்தாளே இப்படித்தான் இருக்கும். முதலில் லேசான கேள்விகளாகப் போட்டு ஆளை இளக்கிவிட்டு, பிறகு ஒன்றைக் கேட்போம். குட்டிப் பிசாசு யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

மாலையில் லியூபிங்கா கடைசிக் காபியைக் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் அந்தக் காபிக்கு "போய்ட்டு வாங்க" என்று அர்த்தம். எல்லோரும் குடித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். எனக்கும் ஸ்டமேனாவுக்கும் மட்டும் அவள் ஊற்றவில்லை. டிஹோமிர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

"என்னப் பத்தி யோசிக்கிறீங்களாமே," என்றாள் இஸ்க்ரா. "என்ன யோசிக்கிறீங்க?"

ஸ்டமேனாவுக்குப் புரையேறிவிட்டது. டிஹோமிருக்குத் தப்பிக்க வழியில்லை. "சூப் கொண்டு வரட்டுமா?" என்றார்.

"வயிறு நிறைஞ்சிருச்சு."

"வளந்த பிள்ளைங்க விஷயத்துல ஆராய்ச்சியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. அதான்..."

"யார ஆராய்ச்சி பண்ணாங்க? என்னையா?"

"இல்ல."

"நீங்க ஆளுங்கள நாலு ரகமா பிரிப்பீங்கன்னு லியூபிங்கா அத்த சொன்னாங்க. நீங்க எந்த ரகம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் கேக்கைப் பார்த்தேன்.

"கடைசி," என்றார்.

"கடைசி ரகம் கடைசில செய்யுமா, செய்யவே செய்யாதா?"

அவர் தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். "செய்யும். முதல் ரகம் ஓடி வந்து வலை கட்டும், மறு வருஷமே அவுத்துடும். கடைசி ரகம் கட்டினா அவுக்காது. இத்தன வருஷத்துல ஒருத்தன்கூட அவுத்து நான் பாக்கல. விடாவக் கேட்டுப் பாரு."

அது உண்மைதான். எத்தனையோ தடவை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"கால் வலிக்குதா?"

"ரொம்ப."

"உக்காருங்களேன்."

"விருந்தாளி இருக்கறப்போ உக்காரக் கூடாதும்மா."

"நான் விருந்தாளியா?"

விளையாட்டுக் குரல் இல்லை. தன் தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை விரலால் நசுக்கிக்கொண்டே கேட்டாள். இரண்டு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பெண் அவள். கதவோரம் லியூபிங்கா ஈரக்கையோடு நின்றிருந்தாள். பாவி மனுஷா, இதற்குமா ஆராய்ச்சி வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல," என்றார் டிஹோமிர். "நீ விருந்தாளி இல்ல."

"அப்போ இந்த வீட்டு ஆளு யாராவது ஒருத்தர் நின்னா போதும்ல? குடுங்க."

அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். செர்பியாவின் மிக மெதுவான மனிதர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். லியூபிங்கா ஓடிவந்து பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இஸ்க்ரா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்டமேனாவிடம், "அத்த, நீங்க இருங்க. பேப்பர் வேலையெல்லாம் முடியறவரைக்கும் நான் உங்க வீட்டுலதான் தூங்கணும்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது தட்டில் ஒரே ஒரு கோப்பை இருந்தது. ஆவி பறக்கும் காபி. அதை நேராகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க விடா அத்த. ஆறிடப்போகுது."

கேக் பாதி மிச்சம் இருந்தது. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து என் கோட்டைத் தேடினேன்.