மெலிசோத் தீவில் ஒரு தலை

மெலிசோத் தீவில் என்றைக்குமே மனிதர் குடியிருந்ததில்லை என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அதனால் அதை ஓர் ஓட்டல்காரருக்கு நாற்பது வருடக் குத்தகைக்கு விடப் போகிறார்களாம். படித்ததும் அனெசினாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் பிறந்தது அங்கே, முப்பது வயதுவரை வாழ்ந்தது அங்கே, அம்மாவைப் புதைத்ததும் அங்கேதான்.

தலைவர் யாக்குமிஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேட்டில் இடிந்து நிற்கிற கல்வீடு யாருடையது, மழைத்தண்ணீர்த் தொட்டியை வெட்டியது யார், பார்லி அடித்த களத்தை ஆடுகளா போட்டன என்று கேட்டாள். அவர் பழைய பேரேடுகளை விரித்தார். ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மெலிசோவுக்கு நேரே பூஜ்ஜியம்.

"நான் என்ன பண்ணட்டும் அத்தை? காகிதம் அப்படிச் சொல்லுது."

அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கணக்கெடுப்பு நாளென்றால் அன்றைய தலைவர், இவருடைய அப்பா, தீவுக்குப் படகு அனுப்புவார். தலை குறைந்தால் ஊருக்கு டாக்டர் கிடைக்கமாட்டார் என்று அவள் வீட்டு ஆறு பேரையும் கூட்டிவந்து ஊர்க்கணக்கில் சேர்ப்பார். ஒரு நேர ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் ஆசைப்பட்டு அவள் அப்பாவும் பல்லை இளித்துக்கொண்டு வந்தார். செத்துப்போன அப்பாமேலும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்கப்பன் எங்களத் திருடுனான், நீ எங்க மண்ணத் திருடுற. குடும்பத் தொழில நல்லாத்தான் காப்பாத்துற."

யாக்குமிஸ் சிரித்து மழுப்பினார். ஞாயிற்றுக்கிழமை புதுக் கணக்கெடுப்பு, மறக்காமல் வீட்டில் இருங்கள் என்றார். ஒவ்வொரு தலையும் ஊருக்கு முக்கியமாம்.

சனிக்கிழமையே அவள் துடுப்புப் படகில் தீவுக்குப் போய்விட்டாள். என்னை அங்கே வந்து எண்ணாவிட்டால் ஏதென்ஸில் இருக்கிற அரசாங்கத்துக்கே எழுதிப்போடுவேன் என்று துறைமுகத்தில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுநாள் கணக்கெடுக்கிற வாத்தியார் வடகாற்றில் வாந்தியெடுத்தபடி வந்து சேர்ந்தார். இடிந்த சுவர்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இது வீடே இல்லையே, கூரை எங்கே என்றார்.

"நீ கூரைய எண்ண வந்தியா, ஆள எண்ண வந்தியா?"

அவர் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடியிருப்போர் ஒன்று என்று எழுதினார். எவ்வளவு காலமாக இங்கே என்று கேட்டார்.

"முப்பது வருஷம் இங்க இருந்தோம், கணக்கெடுக்கிற அன்னிக்கு மட்டும் இல்ல. இன்னிக்கு இருக்கேன். எழுது."