நமத்துப் போகக் கூடாத வேஃபர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு முந்திரி மக்ரூன் பொட்டலத்தில். தூத்துக்குடியில் வாங்கியதைக் கட்டாமல் வைத்துவிட்டேன். உப்புக்காற்றில் மறுநாளே நமத்துப்போயிற்று. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'அலைகள் கரையைத் தழுவிய ஒரு மாலையில் ஜெப்ஸி—' சீ, வேண்டாம். துறைமுகத்துக்குப் பதறியடித்து ஓடுகிறவள் எங்கே அலையைப் பார்த்தாள்?

2

ஜெப்ஸி தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரி, இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறவள். துகள் சோதனை ஒன்றுக்காக அவள் வடிவமைத்து, வெளிநாட்டில் செய்வித்த சிலிக்கான் வேஃபர்கள் சுங்கக் கிடங்கில் மாட்டிக்கொண்டன. (வேஃபர் என்பது மெல்லிய வட்டச் சில்லு. நகத்தின் கனம்கூட இருக்காது. அணுவைவிடச் சின்னத் துகள் ஊடே பாய்ந்தால், 'இங்கன போச்சு' என்று மின்துடிப்பில் காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் விமானத்தில்தானே வரும் என்கிறீர்களா? எனக்குத் துறைமுகம் வேண்டியிருக்கிறது, விடுங்கள்.)

தாளில் 'வேஃபர்' என்று பார்த்த முத்துக்குமரன், சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட், பிஸ்கட் வகையில் போட்டுவிட்டார். தின்பண்டமென்றால் பிரித்து மாதிரி எடுப்பார்கள். ஈரக்காற்று பட்டால் சில்லில் மின்சாரம் கசியும். அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

3

சுங்க அதிகாரி அமலோற்பவத்தைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். அவர் இடம் கொடுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கக் கத்தியோடு பொறுமையாக நின்றார்.

"பிரிக்காதீங்க மேடம்!" ஜெப்ஸி ஓடிவந்தாள். "ஹியூமிடிட்டி ஏறினா லீக்கேஜ் கரண்ட்—"

"எனக்குப் புரியுத மாதிரி சொல்லும்மா."

முத்துக்குமரன் தலையைச் சொறிந்தார். "பிஸ்கட்டுன்னுல்லா நெனச்சேன்..."

ஜெப்ஸிக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டின. "ஆமாண்ணாச்சி, பிஸ்கட்டுதான்! தொறந்தா நமத்துப் போயிரும்!"

கத்தி நின்றது. அதற்குள் உறையின் ஓரத்தில் விரலளவு கீறல்.

"மக்ரூன் மாதிரியா?"

"அதைவிட மோசம், மேடம்."

"இத மொதல்லயே சொல்லலாம்லா!" அமலோற்பவம் கீறலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "வேய், அண்ணாச்சி, டேப்பை எடுத்துட்டு ஓடி வாரும்! தாளை அப்புறம் திருத்துவோம்."

4

முடிவு ஒன்று: எல்லாம் கெட்டுப்போகிறது, ஜெப்ஸி அழுகிறாள். எழுதினேன், மனசு கேட்கவில்லை. முடிவு இரண்டு: எல்லாரும் மக்ரூன் தின்று... (திகட்டுகிறது.)

இப்போது அவள் ஆய்வகத்தில் நிற்கிறாள், வோல்டேஜ் குமிழில் கை. பாதிவரை ஏற்றியாயிற்று. கசிவைக் காட்டும் முள் இன்னும் அசையவில்லை. போனில் முத்துக்குமரன்: "யம்மா, நமத்துட்டா, மொறுமொறுன்னு இருக்கா?"

"பொறுங்கண்ணாச்சி!" சிரித்துவிட்டாள். கை மட்டும் குமிழிலேயே நின்றுவிட்டது.

மீதியை நீங்கள் திருப்புங்கள். மெதுவாக. அவளும் நானும் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.