பன்னிரண்டு பத்துக்கு மாற்றிய பாஸ்வேர்ட்

மரியநாயகம் படிகளை மூன்று மூன்றாகத் தாவி ஏறினான். கீழே பதினேழு லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கேட் பாஸ் அச்சடிக்கும் புரோகிராம் டேட்டாபேசுக்குள் நுழைய முடியாமல், ‘பாஸ்வேர்ட் தவறு’ என்றே சாதித்தது. பன்னிரண்டு மணிக்குக் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்கு வாங்குவதை நிறுத்திவிடும்.

“முதலாளி, புரோகிராம் ஃபைல்லயும் புது பாஸ்வேர்ட போட்டுட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்!”

சோலையப்பன் சுவர்க் காலண்டரைக் காட்டினார். வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம்.

“டேட்டாபேஸ்ல பத்து மணிக்கு, நல்ல நேரத்துல நானே மாத்திட்டேன். அப்போ பினாங்கு போன் வந்துருச்சு, பேசி முடிக்கிறதுக்குள்ள ராகு தொடங்கிருச்சு. ஃபைல்ல பன்னண்டு பத்துக்குப் போடுவோம்.”

“என்கிட்ட சொல்லுங்க, நான் போடுறேன். வேதக்காரன ராகு என்ன பண்ணும்?”

“உன்ன ஒண்ணும் பண்ணாது. கம்பெனி என்னுதுல்ல? உனக்கு முன்னால இருந்த விஜயன்கிட்ட இப்படித்தான் நம்பி விட்டேன். பாஸ்வேர்டும் கையுமா எதிர்க் கம்பெனில போய் உக்காந்துட்டான். இனிமே எனக்கு மட்டும்தான் தெரியும்.” கண்ணாடியைத் துடைத்தார். “ஆனா லோரி கப்பலப் பிடிக்கலேன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்.”

மேசைத் தொலைபேசி அலறியது. கேட்டிலிருந்து ரெங்கசாமி. “அண்ணே, டிரைவருங்க என்னைய அடிச்சிருவாங்க லா!”

மரியநாயகம் சர்வர் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டான். நான்கே நிமிடம். கீழே பிரிண்டர் கரகரத்தது. முதல் லோரி நகர்ந்தது.

சோலையப்பன் ஓடி வந்தார். “ஃபைல தொட்டியா?”

“சத்தியமா தொடல முதலாளி. நீங்க காலையில போட்ட நேரம், அப்படி.”

அவர் முகம் மலர்ந்தது. பன்னிரண்டு பத்துக்குக் கீபோர்டில் விபூதி தடவி, மரியநாயகத்தைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவன் திறந்து வைத்த ஃபைலில் புதிய பாஸ்வேர்டைத் தட்டினார். சோதனைக்கு அடித்த கேட் பாஸும் வந்தது.

“பாத்தியா? அவசரப்பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“ஆமா முதலாளி.”

சத்தியம் பொய்யில்லை. ஃபைலை அவன் தொடவில்லை. டேட்டாபேசைத்தான் தொட்டிருந்தான், அதுவும் சரியான ராகு காலத்தில். முதலாளி தட்டியது எந்தப் புரோகிராமும் திறக்காத ஒரு நகலில். சர்வரில் இப்போது இருப்பது, உண்மையான ஃபைலில் மாறாமல் கிடந்த, விஜயன் வைத்துவிட்டுப் போன அதே பழைய பாஸ்வேர்ட்.